என் வண்டியைக் கயிறு கட்டி நிறுத்த மாட்டேன்

தம்பி,

நீ அனுப்பிய தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் அம்மா இறங்கி வந்துவிடுவாள் என்று நம்பிக்கொண்டு நீ படிக்க வேண்டாம். ‘இந்த வாகனம் இனி எந்தக் கல்யாண ஊர்வலத்துக்கும் பயன்படுத்தப்படாது’ என்று அச்சடித்திருக்கும் இடத்துக்குக் கீழே, நான் தடுமாறிவிடக் கூடாதென்று பென்சிலால் பெருக்கல் குறி வேறு போட்டு அனுப்பியிருக்கிறாய். நான் கையெழுத்துப் போட்டால் உன் பழங்கார் கிளப்காரர்கள் சிபாரிசு செய்து, பழைய கார்களுக்கென்றே இருக்கும் அந்தத் தனி இன்சூரன்ஸை நம் அம்பாசிடருக்கு மறுபடி வாங்கிக் கொடுப்பார்கள். வண்டியைச் சென்னைக்குக் கொண்டுபோய், எரிந்த இடத்தையெல்லாம் சரிசெய்து, திரும்பக் கொண்டுவந்து, தை மாதம் உன் கல்யாண மண்டப வாசலில் நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்துவார்கள். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம், உள்ளே யாரும் உட்காரக்கூடாது. கையெழுத்துப் போடாவிட்டால் அந்த வண்டி உன் கல்யாணத்துப் பக்கமே வரக்கூடாது. நீ போனில் சொன்னது இதுதான், நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதாமல் நாலு பேர் படிக்கும்படி ஏன் எழுதுகிறேன் என்று கோபப்படுவாய். எரிந்த வண்டியின் போட்டோவை உன் பழங்கார் குரூப்பில் எல்லோரும் பார்க்கும்படி போட்டாயே, அதற்கு நான் கோபப்பட்டேன். எதிர் வீட்டு ஸ்டெல்லாதான் போனைக் கொண்டுவந்து காட்டினாள். கீழே யார் யாரோ அழுதிருந்தார்கள். அவர்களில் ஒருவர் இங்கிலீஷில் எழுதியிருந்ததை ஸ்டெல்லா முதலில் படிக்காமல் தாண்டிப் போனாள், நான் விடவில்லை. இந்த மாதிரி ஆட்கள் கையில் இப்படிப்பட்ட கார்கள் இருக்கவே கூடாது என்று எழுதியிருந்தார். அவருக்கு நம்மைத் தெரியாது, அவரை விட்டுவிடலாம். அதற்குக் கீழே நீ ஒரு வார்த்தைகூடப் பதில் எழுதவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, சொல்வதற்கு என்ன வெட்கம்? அந்த மாதிரி ஆள் எந்த மாதிரி ஆள் என்று அவருக்கும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

அந்தக் குரூப்பில் வண்டியைப் பற்றி, தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் இருக்கும் கார் என்று போட்டிருக்கிறாய். தலைமுறையாக அது இருந்தது ஊர்த்தெருவில், ரைஸ்மில் முதலாளி வீட்டில். உன் தாத்தா அந்த மில்லில் மூட்டை தூக்கினார். முதலாளியின் பிள்ளைகள் சென்னைக்குப் போன பிறகு வண்டி கொட்டகையில் கிடந்தது, பின் சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. உன் அப்பா அப்போது கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனியில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி தீபாவளிக்குக் கொடுத்ததை எடுத்துப் போய்க் கொடுத்து, அதை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். காலனி முழுக்கச் சிரித்தது, நானும்தான் சிரித்தேன். ஷிப்ட் முடிந்து வந்ததும் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார், அடுத்த தீபாவளிக்கு வண்டி தன் காலில் நின்றது. உனக்கு அப்போது நாலு வயது இருக்கும், ஹாரனைத் தவிர உனக்கு வேறு எதிலும் அக்கறை இல்லை.

அந்தக் காலத்தில் நம் காலனியில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், பெண் அழைப்பு ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டுதான் மெயின் ரோட்டுக்குப் போகும். ஊர்த்தெரு வழியாகப் போனால் நாலே நிமிடம். போகக்கூடாது என்று யாரும் போர்டு வைக்கவில்லை, ஆனால் யாரும் போனதில்லை. நான் வாழ்க்கைப்பட்டு வந்ததும் அந்த ஏரிக்கரைச் சேற்றில்தான், பட்டுப் புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு. உன் சின்ன அத்தை கல்யாணத்தில் உன் அப்பா யாரிடமும் சொல்லாமல் வண்டியை ஊர்த்தெருவுக்குள் திருப்பினார். நீ என் மடியில் இருந்தாய். மில் முதலாளி வீட்டு மூலையில் இரண்டு பேர் நடுத்தெருவில் வந்து நின்றார்கள். நான் உன்னை இழுத்து அணைத்துக்கொண்டேன். உன் அப்பா பிரேக் போட்டு, கண்ணாடியை இறக்கி, தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

“அண்ணே, பொண்ணு உள்ள கீது. கொஞ்சம் வழி உடு.”

அவ்வளவுதான் சொன்னார். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. அந்த இரண்டு பேரும் வண்டியைப் பார்த்தார்கள், சின்ன வயதிலிருந்து அவர்கள் பார்த்த வண்டி. உள்ளே பெண்ணைப் பார்த்தார்கள். பிறகு என்ன நினைத்தார்களோ, ஓரமாகப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நம் காலனியில் எந்தப் பெண்ணும் ஏரிக்கரை வழியாகப் போகவில்லை. இந்துவோ கிறிஸ்தவமோ, யார் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் அந்த வண்டியில்தான். உன் அப்பா யாரிடமும் வாடகை என்று வாங்கியதில்லை. ஸ்டியரிங்கில் ஒரு மஞ்சள் பொட்டு வைப்பார்கள், கண்ணாடிக்கு முன்னால் ஒரு கைப்பிடி பூ வைப்பார்கள், அதோடு சரி. உன் கிளப்பில் நீ சொல்லும் ‘ஹெரிடேஜ்’ இதுதான் என்று எனக்குப் படுகிறது.

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான், ஆந்திர எல்லையில், எளாவூர் செக்போஸ்ட்டுக்கு முன்னால் சர்வீஸ் ரோட்டில். கல்கத்தா ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருக்கும். டிரைவர்களுக்கு வேறு வேலை இல்லை, ஒரு பொம்பளை அம்பாசிடர் ஓட்டிப் பழகுகிறாள் என்றால் விடுவார்களா? தெலுங்கில் ஒருத்தர் கிளட்சை விடு என்பார், இந்தியில் ஒருத்தர் மிதி என்பார், நம்மூர்க்காரர் ஒருத்தர் டீயைக் குடித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொள்வார். மூன்று பாஷையிலும் திட்டு வாங்கித்தான் நான் லைசென்ஸ் வாங்கினேன். தேர்வாய் கண்டிகை கம்பெனியில் நான் பேக்கிங் வேலைக்குப் போன வருடங்களில், பஸ் வராத நாளில் ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு அந்த வண்டியில்தான் போவேன். கேட் செக்யூரிட்டி முதல் நாள் எழுந்து சல்யூட் அடித்தார், உள்ளே இருப்பது நாங்கள்தான் என்று தெரிந்ததும் உட்கார்ந்துகொண்டார்.

அப்பா போன பிறகு வண்டியை நான் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். நீ சென்னையில் புது வேலையில் இருந்தாய், உனக்கு இதெல்லாம் முழுக்கத் தெரியாது. ஸ்டெல்லாவுக்கு அந்தத் தையில் கல்யாணம் வைத்தார்கள். வந்து வண்டி கேட்டாள். சாவியைக் கொடுக்கிறேன், டிரைவரைப் பார்த்துக்கொள் என்றேன். நான் தாலி அறுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, நான் போய்க் கல்யாணப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காருவதா? ஸ்டெல்லாவின் பெரியம்மாகூடச் சர்ச் வாசலில் அதையேதான் முணுமுணுத்தார்களாம். ஆனால் ஸ்டெல்லா சாவியை என் கையிலேயே திணித்தாள்.

“நீ ஓட்னாதான்க்கா ஏறுவன். இல்லினா நடந்தே போறன். பெரியம்மா இன்னா வேணா சொல்லிக்கினு இருக்கட்டும்.”

சொன்னதோடு நிற்கவில்லை. எல்லாப் பெண்களும் பின் சீட்டில் நடுவில் உட்காருவார்கள், அவள் வெள்ளைப் புடவையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழைய அம்பாசிடரில் முன்னாலும் ஒரே நீளச் சீட்டு, கியர்கூட ஸ்டியரிங்கோடுதான் இருக்கும், அதனால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரலாம். சர்ச் வரைக்கும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், ஸ்டியரிங்கை ஒடிக்க முடியாமல் பேஜாராகிவிட்டது. ஆனால் அன்றைக்கு நான் அழவில்லை, அது உன் அப்பா போனதற்கு அப்புறம் நான் அழாத முதல் நாள். அதற்குப் பிறகு காலனியில் கல்யாணம் ஆன எல்லாப் பெண்களும் முன் சீட்டுதான் வேண்டும் என்றார்கள். இப்போது அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வேறு எங்கே ஒரு தாலியறுத்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெண் அழைப்பு போகிறார்கள், சொல்லு பார்க்கலாம்.

உனக்கும் அந்த வண்டி மேல் உயிர் என்று எனக்குத் தெரியும், அதை இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். லீவு நாளில் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய சாமான் கடைகளில் அலைந்து ஒரு வீல் கப்பைத் தேடி எடுத்துவந்து, குழந்தையைக் காட்டுவது மாதிரி என்னிடம் காட்டினாயே, அந்த முகம் உன் அப்பாவின் முகம். ஆனால் அவர் வண்டி ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டார், நீ வண்டி ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். சென்னையில் ஒரு ஓட்டல் புல்வெளியில் நடந்த கண்காட்சிக்கு என்னையும் அழைத்துப் போனாய், நினைவிருக்கிறதா? வண்டியைச் சுற்றிக் கயிறு. முன்னால் ஒரு போர்டு. வெள்ளைக் கையுறை போட்ட ஒருத்தர் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, உன் அப்பா கும்மிடிப்பூண்டி பஜாரில் வாங்கிப் போட்ட மெரூன் ரெக்சின் ஒரிஜினல் இல்லை என்று மார்க்கைக் குறைத்தார். எனக்கு வெயில் தாங்கவில்லை. கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்து வண்டிக்குள் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தேன். பேட்ஜ் குத்திய ஒரு பையன் ஓடிவந்து, எழுந்திருங்கள், ஓனர் பார்த்தால் திட்டுவார் என்றான். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது என் பெயர்தான் என்றேன், அவன் நம்பவில்லை. நீ தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். கிட்ட வந்து என்னை மரத்தடியில் போய் உட்காரச் சொன்னாய். நானும் போய் உட்கார்ந்தேன், சாதம் மட்டும் வண்டியிலேயே இருந்தது.

அந்தக் கண்காட்சியில்தான் உனக்கு அந்த இன்சூரன்ஸ் வந்து சேர்ந்தது. சாதாரணக் கம்பெனிக்காரன் நம் வண்டியைப் பழைய இரும்பாகத்தான் பார்ப்பான், வருடம் ஏற ஏற விலை இறங்கிக்கொண்டே போகும், ஏதாவது ஆனால் காயலான் கடை விலைதான் கிடைக்கும் என்றாய். இவர்கள் அப்படி இல்லை, ஆள் வந்து பார்த்து, இதுதான் இந்த வண்டியின் மதிப்பு என்று முன்கூட்டியே நம்மோடு பேசி ஒப்புக்கொள்வார்கள் என்றாய். நியாயமாகத்தான் பட்டது. டார்ச் லைட்டோடு ஒருத்தர் வந்து வண்டிக்கு அடியில் ஒரு மணி நேரம் படுத்திருந்துவிட்டு ஒரு தொகையைச் சொன்னார், நான் பயந்துபோய்க் கொட்டகைக்குப் பூட்டு வாங்கிவந்தேன். பிறகு நீ நிபந்தனைகளைப் படித்தாய். தினமும் ஓட்டக்கூடாது. வெளியில் நிறுத்தக்கூடாது. கண்காட்சிக்கும், பழங்கார் அணிவகுப்புக்கும், மெக்கானிக் ஷாப்புக்கும் மட்டும் போகலாம். வாடகைக்கும் ஊர்வலத்துக்கும் விடக்கூடாது. இது காரா, வயதுக்கு வந்து சடங்கு சுற்றி உட்கார வைத்த பெண்ணா என்று கேட்டேன், நீ சிரித்தாய். அப்படியென்றால் கல்யாணத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகப்படுத்திப் பார். அதையெல்லாம் யாரும்மா வந்து பார்க்கப்போகிறார்கள், நீ பாட்டுக்கு ஓட்டு, வெளியே சொல்லாமல் இருந்தால் போதும் என்றாய். படிப்பிலும் வேலையிலும் உனக்கு வராத தைரியம் அந்த ஒரு பொய்யில் வந்துவிட்டது.

இந்த ஆவணியில் கௌரிக்குக் கல்யாணம். பேக்கிங்கில் என்னோடு வேலை பார்த்தாளே, சரசு, அவள் பெண். சாயந்திரம் மழை பெய்து சந்தில் தண்ணீர் நின்றுவிட்டது, ஜெனரேட்டர் வண்டி உள்ளே வர முடியவில்லை. பெண் அழைப்பு இருட்டில் போவதா என்று ஆளாளுக்குப் பேச, லைட்காரர் கலர் பல்ப் சரம் முழுவதையும் வண்டிமேல் சுற்றி, நம் பேட்டரியிலேயே மாட்டிக் கொடுத்துவிட்டார். இப்படிச் செய்வது இங்கே எல்லோருக்கும் பழக்கம்தான், புது வண்டி தாங்கும். நம் வண்டிக்குள் ஓடியது துணி சுற்றிய பழைய ஒயர், அதையும் ஒரிஜினல் என்று மாற்றவிடாமல் வைத்திருந்தது நீ. ஊர்த்தெரு மூலைக்குப் போகும்போது டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. நான் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, கௌரியை அவள் பக்கத்துக் கதவு வழியாகத் தள்ளி, பின்னாலேயே நானும் விழுந்தேன். மில் முதலாளி வீட்டுக்கு அடுத்த வீட்டிலிருந்து ஈரச் சாக்குகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்து போட்டார்கள். ஆமாம், ஊர்த்தெருக்காரர்கள்தான், யார் பெண் என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தீ அணைந்தபோது டேஷ்போர்டும் முன் சீட்டில் பாதியும் போய்விட்டது. பெரியவர்கள் திரும்பிப் போய்விடலாம் என்றார்கள். கௌரி முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டு, மேளக்காரரைப் பார்த்து, “வாசிண்ணே” என்றாள். அந்தத் தெருவில் அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசிவரை நடந்தே போனாள். உன் அப்பா அதைப் பார்க்க இல்லாமல் போய்விட்டாரே என்று அன்றைக்குத்தான் நான் மறுபடி அழுதேன்.

அடுத்த நாள் நீ போனில் என்னைக் கேட்ட முதல் கேள்வி, சேதத்தைப் பார்க்க சர்வேயர் வந்தாரா என்பது. இரண்டாவது, அவர் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம். வண்டி கொட்டகையில் நின்றது, மெக்கானிக்கிடம் கொண்டுபோக ஸ்டார்ட் பண்ணினேன், ஒயர் தானாகப் பற்றிக்கொண்டது. மூன்று தடவை சொல்லிக் கொடுத்தாய். நானும் சரி சரி என்றேன், அப்போது அப்படியே சொல்லிவிடத்தான் நினைத்தேன். அந்த சர்வேயரும் நல்ல மனிதர். கிரில்லில் கருகிப்போன சாமந்தியை விரலால் எடுத்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமலே, பூஜை போட்டீங்களாம்மா, வெள்ளிக்கிழமை மாலை போட்ட பூவா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரே எழுதிக்கொண்டு போயிருப்பார். வாயைத் திறந்தேன். ஆமாம் என்று சொன்னால் கௌரி அந்த வண்டியில் உட்காரவே இல்லை என்று ஆகிவிடும். ஸ்டெல்லா உட்காரவில்லை, உன் அத்தை உட்காரவில்லை, யாருமே உட்காரவில்லை என்று ஆகிவிடும். அவர்களை இறக்கிவிட்டு நான் எதை வாங்கி வைத்துக்கொள்ளப் போகிறேன்?

“பூஜை இல்ல சார். பொண்ணழைப்பு. பொண்ணு முன்னாடி சீட்ல உக்காந்துகினு இருந்திச்சி, நான்தான் ஓட்னன்.”

அவர் பேனாவை மூடிவிட்டு, யோசித்துச் சொல்லுங்கம்மா என்றார். யோசிச்சிட்டேன் சார் என்றேன். க்ளெய்ம் கிடையாது என்று உனக்கு மெயில் வந்தது, நீ அன்றைக்குக் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து எடுத்தும் கேட்டது. நான் வருத்தப்படவில்லை தம்பி. இன்றைக்கு வந்து கேட்டாலும் அதேதான் சொல்வேன். அந்தக் கம்பெனி மேலும் எனக்குக் கோபம் இல்லை, கண்காட்சியில் நிற்கிற வண்டிக்குத்தான் அவர்கள் இன்சூரன்ஸ் கொடுக்கிறார்கள், அதைச் சொல்லித்தான் கொடுத்தார்கள். நம் வண்டி அந்தச் சாதி இல்லை, அவ்வளவுதான்.

நீ கேட்டதில் ஒரு கேள்வி மட்டும் நியாயம். கௌரிக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன பண்ணியிருப்பாய் என்று கேட்டாய். அந்தக் கேள்வி எனக்கும் தூக்கத்தைக் கெடுத்தது. அதனால் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறேன், தெரிந்துகொள். பழைய ஒயர் ஒன்று விடாமல் பிடுங்கிப்போட்டுப் புது ஒயரும் ப்யூஸ் பெட்டியும் போட்டாயிற்று, ஒரிஜினல் போய்விட்டதே என்று நீ தலையில் கை வைத்துக்கொள்ளலாம். சீட்டுக்கு அடியில் தீயணைக்கும் சிலிண்டர் இருக்கிறது. பேட்டரியில் யாராவது லைட் மாட்ட வந்தால் கையை ஒடிப்பேன் என்று லைட்காரரிடமே சொல்லிவிட்டேன். பிறகு கும்மிடிப்பூண்டியில் ஏஜென்ட்டிடம் போனேன். சட்டப்படி வேண்டிய தேர்டு பார்ட்டி போடுங்கள், அதோடு வண்டியில் ஏறுகிறவர்களுக்கும் ஒரு இன்சூரன்ஸ் இருக்கிறதாமே, அதையும் போடுங்கள் என்றேன். அவர் மலைத்துப்போய், வண்டிக்கு எதுவும் வேண்டாமா, நாளைக்கு எரிந்தால் பத்துப் பைசா வராதே என்றார்.

“வண்டி போனா போவட்டும். உள்ள உக்கார்றவங்களுக்குப் போடு நைனா.”

இனிமேல் அந்த வண்டிக்கு எந்தக் கம்பெனியிலும் விலை கிடையாது. ஒரு லாரி வந்து இடித்தால் இரும்புதான். எனக்குத் தெரிந்துதான் செய்தேன், யாரும் என்னை ஏமாற்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நிவேதா வந்திருந்தாள். நீ கட்டிக்கப்போகிற பெண்ணுக்கு உன் சண்டை தெரியாதென்றா நினைத்தாய்? ஆர்.கே.பேட்டையிலிருந்து பஸ் மாறி மாறித் தனியாக வந்தாள். அவள் அப்பா, நெல் விற்ற கையோடு, வாடகைக்கு ஒரு வெள்ளைக் கார் பேசி வைத்திருக்கிறாராம். நீயும் அதற்குச் சரி என்று தலையாட்டியிருக்கிறாய். நிலபுலன் உள்ளவர்கள் முன்னால் கருகிப்போன வண்டியும், அதை ஓட்டுகிற உன் அம்மாவும் வேண்டாம் என்று நீ நினைத்தாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இல்லையென்றால் சந்தோஷம். நான் அவளிடம் எதையும் மறைக்கவில்லை. எங்கே எரிந்தது என்று காட்டினேன், சீட்டுக்கு இந்தத் தடவையும் மெரூன் ரெக்சின்தான் போட்டிருக்கிறேன் என்றேன், வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றேன், உனக்குப் பிடிக்காது என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு கதவைத் திறந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள்.

“எங்கப்பா பேசின காரு வேணாம்னு சொல்லிட்டன் அத்த. ஊர்த்தெரு வழியாதான போவோம்?”

அதனால் முடிவாகச் சொல்கிறேன். அவர்கள் வீட்டு ஆட்கள் முகூர்த்தத்துக்கு முதல் நாளே நம் காலனிக்கு வந்துவிடுகிறார்கள், அவள் அப்பாவிடம் நானே பேசிவிட்டேன். சாயந்திரம் ஐந்து மணிக்கு இங்கிருந்து பெண் அழைப்பு கிளம்புகிறது. நான் ஓட்டுகிறேன், உன் பெண்டாட்டி என் பக்கத்தில் உட்காருகிறாள். நீ எதில் வருகிறாய் என்பது உன் இஷ்டம். மண்டபத்துக்கு நேராக வந்து நிற்பதென்றால் நில், நான் வருத்தப்பட மாட்டேன். வருகிறாய் என்றால் ஐந்து மணிக்கு முன்னால் வந்துவிடு, யாருக்காகவும் காத்திருக்க மாட்டோம். பின் சீட்டில் இடம் இருக்கிறது.

அம்மா